தமிழம்மாவைக் கேளுங்க: பக்கத்து வார்த்தையைக் கவனிச்சீங்களா?

இந்த மாசம் வந்த கடிதங்களைப் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். காலாண்டுப் பரீட்சை பேப்பர் திருத்தி வீட்டுக்கு வந்திருக்கும் போல, "பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதுக"ன்னு வர்ற கோடிட்ட இடத்துல பிள்ளைங்க மார்க் விட்டதைப் பாத்துட்டு அம்மா அப்பாக்கள் எழுதியிருக்கீங்க, கூடவே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்கன்னு நிறையப் பேர். அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். சந்திப்பிழை பத்திக் கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அது அடுத்த மாசம் கண்டிப்பா வரும்.

கேள்வி: என் பையன் ஆறாவது படிக்கிறான். டெஸ்ட்ல "அக்கா கடையில் ____ வாங்கி வந்து, முறத்தில் போட்டுப் புடைத்தாள்"னு ஒரு கேள்வி. கீழ அரிசி, மாவு, எண்ணெய்னு மூணு வார்த்தை. இவன் மாவுன்னு எழுதிட்டான். மூணுக்கும் அர்த்தம் அவனுக்கு நல்லாவே தெரியும், அப்புறம் எப்படித் தப்பு வருது? புது வார்த்தை கத்துக்குடுக்கிற புக் ஏதாவது வாங்கணுமா தமிழம்மா? – வாசகி, ஈரோடு

பதில்: புக் எதுவும் வேணாம்மா. நீங்களே ஒரு நிமிஷம் யோசிங்க, உங்க வீட்டுல அவனைக் கடைக்கு அனுப்பினா என்ன வாங்கிட்டு வரச் சொல்வீங்க? இன்னைக்கு முக்கால்வாசி வீட்டுல இட்லி மாவு பாக்கெட்தான். அவன் "கடையில் வாங்கி வந்து" வரைக்கும் படிச்சிருக்கான், கை தானா மாவுன்னு எழுதிருச்சு. அவன் வாழ்க்கைல பாத்த கடைக்கு அது சரியான விடைதான், ஆனா வாக்கியம் அங்க முடியலையே.

தமிழ்ல இதுதான் முக்கியமான சங்கதி. இங்கிலீஷ்ல யார் செஞ்சாங்கன்னு சொன்ன உடனே என்ன செஞ்சாங்கங்கிற வினையும் வந்துரும், நம்ம மொழியில வினை கடைசியிலதான் வந்து உக்காரும், நடுவுல எவ்வளவு வார்த்தை வந்தாலும் அதுங்கல்லாம் அந்தக் கடைசி வார்த்தைக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருக்கும். அதனால பாதியில நிறுத்தி விடை எழுதுற பிள்ளை, வாக்கியத்தோட பெரிய துப்பைப் பாக்காமலே எழுதுது. அவன்கிட்ட இதை மட்டும் பழக்குங்க: கோடிட்ட இடத்து மேல விரலை வச்சு மூடிக்கணும், கடைசி வினையைப் படிக்கணும், "எதைப் புடைப்பாங்க? எதுல போட்டு?"ன்னு தனக்குத்தானே கேக்கணும், மனசுல ஒரு வார்த்தை வந்ததுக்கு அப்புறம்தான் கீழ இருக்கிற மூணு வார்த்தையைப் பாக்கணும். முதல்லயே அந்த மூணையும் பாத்துட்டா எது பழக்கமோ அது மேலதான் கண்ணு போகும்.

ஆனா இன்னொண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். புடைக்கிறதுன்னா என்னன்னே அவனுக்குத் தெரியாம இருக்கலாம். பாக்கெட் அரிசி வாங்குற வீட்டுல முறம் பரண்லதான் கிடக்கும். தெரியாத வினை எப்படித் துப்பு குடுக்கும்? ஞாயித்துக்கிழமை முறத்தை எடுத்து அரை கிலோ அரிசியைப் போட்டு அவன் கையில குடுங்க, உமியும் தூசியும் முன்னாடி பறந்து போறதைப் பாக்கட்டும். அப்படியே சல்லடையில மாவைச் சலிச்சுக் காட்டுங்க, பருப்புல கல் பொறுக்கச் சொல்லுங்க, முருங்கைக்கீரையைக் காம்புல இருந்து உருவச் சொல்லுங்க, மோர் கடையச் சொல்லுங்க. அரிசியைப் புடைக்கிறோம், மாவைச் சலிக்கிறோம், கல்லைப் பொறுக்குறோம், கீரையை உருவுறோம்னு ஒரு காலைப்பொழுதுல அஞ்சாறு வினை அவன் கையிலயே பதிஞ்சிரும். எத்தனையோ வருஷமா பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், கையால செஞ்ச வினையை எந்தப் பிள்ளையும் பரீட்சையில தப்பா எழுதினதில்லை.

கேள்வி: என் மக அஞ்சாவது. "வயலில் கடலையை அறுத்தனர்"னு நோட்டுல எழுதியிருந்தா. நாங்க விவசாயக் குடும்பம், "யாராச்சும் கடலையை அறுப்பாங்களா பாப்பா"ன்னு சிரிச்சுட்டேன். "ஏம்பா, நெல்லை மட்டும் அறுக்கலாமா?"ன்னு கேட்டா. எனக்குத் தப்புன்னு தெரியுது, ஏன் தப்புன்னு சொல்லத் தெரியல. – வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஐயா, உங்க மகளுக்கு ஒரு முத்தம் குடுத்துடுங்க, ரொம்ப நல்ல கேள்வி. விடை உங்க கையிலயே இருக்கு. நெல்லுக்கு என்ன செய்றீங்க? இடது கையில ஒரு பிடி தாளைச் சேத்துப் பிடிச்சு கதிர் அரிவாளை வளைச்சு இழுக்குறீங்க, அது அறுக்கிற வேலை. கரும்புக்கு? அடியில ஓங்கி ஒரே போடு, அது வெட்டு. கடலைக்கு? காய் மண்ணுக்குள்ள இருக்கு, அரிவாள் வச்சு அறுத்தா செடிதான் கையில வரும், காய் மண்ணுலயே தங்கிரும், அதனால கொடியோட பிடுங்குறீங்க. பிடுங்கினதுக்கு அப்புறம் நிழல்ல உக்காந்து காயை ஆய்றீங்க. பூவைப் பறிக்கிறோம், கொழுந்தைக் கிள்ளுறோம், முருங்கைக்கீரைன்னா கிளையோட ஒடிக்கிறோம். கை என்ன செய்யுதோ அதுதான் வார்த்தை.

பள்ளிக்கூடத்துல இதை மரபுன்னு சொல்லிக்குடுக்கிறோம். மரபுன்னா பெரியவங்க சொல்லிட்டாங்க, அப்படியே எழுதணும்னு பிள்ளைங்க நெனச்சுக்குது, மனப்பாடம் பண்ணுது, மறந்துருது. ஆனா ஒவ்வொரு மரபுச் சொல்லுக்குப் பின்னாடியும் இந்த மாதிரி ஒரு கை அசைவு இருக்கான்னு தேடிப் பாத்தா பெரும்பாலும் இருக்கும். தென்னைக்கும் பனைக்கும் ஓலை, கரும்புக்குத் தோகை, வாழைக்கு இலை, நெல்லுக்குத் தாள்னு வேற வேற பேர் வச்சதும் அப்படித்தான், ஒண்ணை முடையலாம், ஒண்ணுல சாப்பிடலாம், ஒண்ணை மாட்டுக்குப் போடலாம், தொட்டுப் பழகினவங்க வச்ச பேர் அது. அடுத்த தடவை கடலை பிடுங்குறப்போ பாப்பாவையும் வயலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவகிட்ட "அரிவாளால கடலையை எடுத்துக் காட்டு பாக்கலாம்"னு சொல்லுங்க.

கேள்வி: தமிழம்மா, குரூப் 4-க்குப் படிக்கிறேன். 200 கேள்வியில 100 பொதுத்தமிழ், அதுல ஒலி வேறுபாடு கேள்வி வந்தா பயம். ல, ள, ழ, ர, ற, ன, ணன்னு 150 ஜோடி எழுதி வச்சு தினமும் காலைல பாக்குறேன், பரீட்சைல எல்லாம் கலந்து போகுது. வேற வழி இருக்கா? – வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்க உழைப்புல குறையே இல்ல, லிஸ்ட் எழுதின விதத்துலதான் சிக்கல். "வலி – நோவு, வளி – காத்து, வழி – பாதை"ன்னு எழுதியிருப்பீங்க. பக்கத்துல எதுவும் இல்லாம ஒத்தையா நிக்கிற வார்த்தையை மனசு எதைப் பிடிச்சு ஞாபகம் வச்சுக்கும்? ஒவ்வொண்ணையும் அதோட வினையோட சேத்து எழுதுங்க. வலி எடுக்கும், வளி வீசும், வழி மறிக்கும். வாளை துள்ளும், வாழை குலை தள்ளும். கரை உடையும், கறை படியும். மனம் கலங்கும், மணம் கமழும். கூரை வேய்வாங்க, கூறை உடுத்துவாங்க.

அந்தக் கடைசி ஜோடியைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். கூறைன்னா கல்யாணத்துல தாலி கட்டுறப்போ பொண்ணு உடுத்துற புடவை. மாயவரத்துல கூறைநாடுன்னு ஒரு இடமே இருக்கு, அந்தப் புடவை நெசவுக்குப் பேர் போனது, கொரநாடுன்னு பேச்சுல சொல்வாங்க. இப்போ ஜவுளிக்கடை போர்டுலயும் கல்யாண லிஸ்ட்லயும் "கூரைப் புடவை"ன்னு போட்டிருக்காங்க, பாக்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது. புடவைங்கிற வார்த்தை பக்கத்துல வந்த உடனே வல்லின ற தானா வந்திருக்கணும். போன்ல அடிக்கிறப்போ இன்னும் மோசம், "மணமக்கள்"னு வர வேண்டிய இடத்துல "மனமக்கள்"னு வந்துருது, கீழ வர்ற வார்த்தை வரிசையைப் பாத்து மாத்தணும்னு யாருக்கும் தோண மாட்டேங்குது.

தம்பி, இது நான் கண்டுபிடிச்ச வழி இல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல கிளவியாக்கம்னு முதல் இயல், அதுல ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருந்தா எந்த அர்த்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சூத்திரமே இருக்கு. "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்"னு தொல்காப்பியர் மூணு துப்பு சொல்றார். உரைகாரங்க இதுக்கு "மா"ங்கிற சொல்லை எடுத்துக்கிறாங்க, மான்னா மாமரம், குதிரை, வேற விலங்குன்னு பல பொருள் உண்டு. "மா பூத்தது"ன்னா பூக்கிறது மரம்தானே, இது வினை. "மாவும் மருதும் ஓங்கின"ன்னா கூட நிக்கிறது மருத மரம், அப்போ இதுவும் மரம், இது இனம். கவசம் மாட்டிட்டு நிக்கிற ஒரு வீரன் "மா கொண்டு வா"ன்னா மாங்கன்னையா கேப்பான், குதிரையைத்தான், இது சார்பு. பிறகு 13ஆம் நூற்றாண்டுல நன்னூல் எழுதின பவணந்தி முனிவர் இதோட "இடம்"னு இன்னொண்ணையும் சேத்துக்கிட்டார். எனக்கு இடம்னாலே களைங்கிற வார்த்தைதான் ஞாபகம் வரும். வயல்ல களைன்னா பிடுங்கி எறியணும், முகத்துல களைன்னா "என்ன களையான முகம்"னு திருஷ்டி கழிக்கணும்.

அவங்க சொன்னது ஒரே மாதிரி எழுதினாலும் பல பொருள் தர்ற சொல்லுக்கு, உங்களுக்கு வர்றது ஒரே மாதிரி ஒலிக்கிற வேற வேற சொல். ஆனா துப்பு அதேதான். அந்த 150-ஐயும் இன்னைக்கே மாத்தி எழுத வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து எடுத்துக்குங்க, ஒவ்வொண்ணுக்கும் நீங்களே ஒரு வாக்கியம், உங்க வீடு, உங்க தெரு, உங்க சந்தையில இருந்து எழுதுங்க. வாளைக்கு மீன் மார்க்கெட் வாக்கியம், வாழைக்கு வாசல்ல கட்டுற வாழைமர வாக்கியம். பரீட்சை ஹால்ல அந்த மார்க்கெட்தான் முன்னாடி வந்து நிக்கும். பரவைன்னா கடல், பறவைன்னா பறக்கிறது, இதுல பரவை மட்டும் இன்னைக்குப் பேச்சுல இல்லாத சொல்ங்கிறதால தனியா ஞாபகம் வச்சுக்கத்தான் வேணும், "பரந்து கிடக்கு, அதனால பரவை"ன்னு வச்சுக்குங்க, இடையின ர தானா வந்துரும்.

கேள்வி: "குழந்தை ____யைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தது." விடை மலையா மழையா? என் மகன் மழைன்னு எழுதினான், டீச்சர் தப்புன்னு போட்டுட்டாங்க. போய்க் கேக்கலாமா? – வாசகி, சேலம்

பதில்: கேளுங்க, ஆனா கேக்குறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வித்தாளை முழுசாப் பாருங்க. அதுக்கு மேல ஏற்காட்டுக்குப் போன மாதிரி ஒரு பத்தி குடுத்து அதுல வர்ற வாக்கியமா இருந்தா டீச்சர் சொன்னது சரி, ஏன்னா துப்பு எப்பவும் அதே வாக்கியத்துக்குள்ளதான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டு வரி மேல கூட இருக்கும். பத்தியே இல்லாம தனி வாக்கியமா குடுத்திருந்தா உங்க மகன் எழுதினது தப்பே இல்ல. மலையைப் பாத்தும் குதிக்கலாம், மழையைப் பாத்தும் குதிக்கலாம்.

மேல மதுரைத் தம்பிக்குச் சொன்னேனே, அதே கிளவியாக்கத்துல இதுக்கும் சொல்லியிருக்கு. "மா வீழ்ந்தது"ன்னு ஒரு உதாரணம் குடுப்பாங்க, மரமும் விழும், குதிரையும் விழும், வினையை வச்சுப் பிரிக்க முடியாது. அந்த மாதிரி நேரத்துல சொல்றவன்தான் தெளிவா இன்னதுன்னு எடுத்துச் சொல்லணும், கேக்குறவன் மேல தப்பு இல்லன்னு தொல்காப்பியரே பொறுப்பை எழுதுறவன் பக்கம் வச்சுட்டார். "நனைந்துகொண்டே"ன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா மழை, "உச்சியில் மேகத்தோடு நின்ற"ன்னு சேத்திருந்தா மலை. டீச்சர்கிட்ட சண்டை மாதிரிப் போகாதீங்கம்மா, அவங்களும் 40 பேப்பர் திருத்துற அலுப்புல இருப்பாங்க. "ரெண்டும் பொருந்துதுங்களே மிஸ், ஒரு தடவை பாருங்க"ன்னு பையனை விட்டே கேக்கச் சொல்லுங்க. தன் விடைக்குக் காரணம் சொல்லத் தெரிஞ்ச பையன் அவன், அதைக் கேட்டா எந்த டீச்சருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்.

கேள்வி: "ஆறில் குளித்தான்"னு எழுதலாமா? – வாசகர், திருச்சி

பதில்: கூடாது, "ஆற்றில் குளித்தான்". காவிரி ஓடுற ஆறு உருபு ஏத்தா இரட்டிச்சு ஆற்றில், ஆற்றுக்குன்னு ஆகும், எண்ணுல வர்ற ஆறு அப்படியே "ஆறில் ஒரு பங்கு"ன்னு நிக்கும். நீங்க பேசுறதைக் கவனிங்க, "ஆத்துல குளிச்சேன்", "ஆறுல ஒண்ணு கழிச்சா அஞ்சு"ன்னு வாய் தானாவே பிரிச்சுரும். (உங்க ஸ்ரீரங்கம் பக்கம் "எங்காத்துல"ன்னா அது வீடு, அகத்துலங்கிறது தேஞ்சு ஆத்துல ஆனது. அங்க "எங்க"ங்கிற வார்த்தைதான் துப்பு.)

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம், மகள் தொடக்கநிலை 5. தமிழ்த் தாள்ல முன்னுணர்வுக் கருத்தறிதல்னு ஒரு பகுதி, ஒரு பத்தியில நடுநடுவுல கோடு போட்டு சொல்லைத் தேர்ந்தெடுக்கணும். "பந்து பட்டுக் கண்ணாடி உடைத்தது"ன்னு போட்டுட்டா. உடைந்தது, உடைத்தது வித்தியாசமே அவளுக்குப் புரிய மாட்டேங்குது. நாங்க வீட்டுல பாதி நேரம் இங்கிலீஷ்தான் பேசுறோம், அதுவும் காரணமா? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஆமா தம்பி, ஓரளவுக்கு அதுதான். இங்கிலீஷ்ல கண்ணாடி தானா உடைஞ்சதுக்கும் ஒருத்தன் கண்ணாடியை உடைச்சதுக்கும் ஒரே வார்த்தை. பாப்பா மனசுல இருக்கிற அந்த ஒத்தை வார்த்தைக்குத் தமிழ்ல ரெண்டு பெட்டி இருக்கு, எந்தப் பெட்டின்னு அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான். தமிழ் உங்க நாட்டுல நாலு அதிகாரத்துவ மொழியில ஒண்ணு, பள்ளிக்கூடத்துலயே படிக்கக் கிடைக்குது, இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டாப் போதும், பாதித் தூரம் தாண்டிருவா.

அவகிட்ட ஒரே கேள்வி கேக்கச் சொல்லுங்க: யாராவது செஞ்சாங்களா, அதுக்கா ஆச்சா? அதுக்கா ஆச்சுன்னா உடைந்தது, நிறைந்தது, வளர்ந்தது, சேர்ந்தது, கலைந்தது. யாரோ செஞ்சாங்கன்னா உடைத்தான், நிறைத்தான், வளர்த்தாள், சேர்த்தார், கலைத்தாள். ந் வந்தா தானா நடந்தது, த் வந்தா ஒருத்தர் நடத்தினது, இந்த மாதிரி ஜோடிகளுக்கெல்லாம் இது அப்படியே பொருந்தும். வாக்கியத்துல அதுக்குத் துப்பு ஐ உருபு. "கண்ணாடியை"ன்னு இருந்தா செஞ்ச ஆள் ஒருத்தர் உண்டு, "கண்ணாடி"ன்னு வெறுமனே நின்னா பெரும்பாலும் அதுக்கா ஆனது. பேச்சுல நாம "கண்ணாடி உடைச்சிட்டான்"னு ஐ-யை முழுங்கிருவோம், ஆனா பரீட்சையில எழுத்துத் தமிழ், அங்க ஐ இருக்கும், அதனால அவளுக்கு அங்க சுலபம்தான். வினை "அது"ன்னு முடிஞ்சாலே தானா நடந்ததுன்னு மட்டும் நெனச்சுக்க வேண்டாம், "பூனை பாத்திரத்தை உடைத்தது"ன்னா பூனைதான் செஞ்சது, அங்கயும் ஐ-யைத்தான் பாக்கணும். இன்னொரு வகை ஜோடியும் இருக்கு, ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, திரும்பு – திருப்பு, அடங்கு – அடக்கு. வண்டி ஓடுது, அப்பா வண்டியை ஓட்டுறார். நீங்க கார்ல போறப்போவே இதை விளையாட்டா கேட்டுக்கிட்டே போகலாம்.

பத்தியா வர்றப்போ இன்னொண்ணும் பழக்குங்க, இணைப்புச் சொல்லைக் கோடு போட்டுக்கணும். ஆனால், இருந்தாலும், அதனால், ஏனென்றால், மாறாக. "அண்ணன் எப்போதும் கலகலப்பாகப் பேசுவான். ஆனால் நேற்று ____ இருந்தான்"ன்னு வந்தா, "ஆனால்" வந்த உடனே விடை எதிர்ப்பக்கம் திரும்பிருச்சுன்னு அவளுக்குத் தோணணும். "அமைதியாக"ன்னு எழுதுவா. "ஆனால்"-ஐக் கவனிக்காத பிள்ளை "மகிழ்ச்சியாக"ன்னு எழுதிட்டு வரும், அதுவும் வாக்கியத்துல இலக்கணப்படி உக்காரும், அதான் கஷ்டம். முதல்ல பத்தி முழுசையும் கோட்டை நிரப்பாம ஒரு தடவை சும்மா படிக்கட்டும், பென்சிலைக் கீழ வச்சுட்டு.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்காங்க. அந்த அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு, "ஒண்டும் அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ"ன்னாங்க. எனக்கு என்ன துக்கம், எதுக்கு ஆறுதல்னு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. – வாசகி, சென்னை

பதில்: உங்களுக்குத் துப்பு அதே வாக்கியத்துல முன்னாடியே கிடைச்சிருச்சும்மா, "அவசரமில்லை"ன்னு சொல்லிட்டாங்களே. ஆறுதலான்னா அங்க நிதானமா, மெதுவான்னு அர்த்தம். நமக்கும் அது அந்நியம் இல்ல, "ஆற அமர யோசிச்சு முடிவு பண்ணு"ன்னு நாம சொல்றோமே, அந்த "ஆற"தான். நம்ம ஊர்ல அந்த வார்த்தை ஒரு பக்கம் தேஞ்சு துக்கத்துக்குத் தேத்துறது மட்டும் நின்னுருச்சு, அவங்க ஊர்ல இன்னொரு பக்கமும் உயிரோட இருக்கு.

இப்படி இன்னும் வரும். "கெதியா வெளிக்கிடுங்கோ, பஸ் போகப்போகுது"ம்பாங்க, பஸ் போகப்போகுதுன்னா நாம என்ன செய்யணும், சீக்கிரம் கிளம்பணும், அப்போ கெதியான்னா சீக்கிரம், வெளிக்கிடுறதுன்னா கிளம்புறது, அகராதியே வேண்டாம். "பிந்தி வந்தா அம்மா பேசுவா"ன்னு அந்த வீட்டுப் பிள்ளை சொன்னா, அம்மா பேசுறதுல என்ன பயம்னு நெனைக்காதீங்க, பேசுறதுன்னா அங்க திட்டுறது, சாதாரணமா பேசுறதுக்குக் கதைக்கிறதும்பாங்க. "பிந்தி வந்தா"ங்கிறதுதான் துப்பு. நாமளும் "ஆபீஸ்ல நல்லா பேச்சு வாங்கினேன்"னு சொல்றோம்ல, அதே சங்கதிதான். ஒரு வார்த்தை புரியலன்னா உடனே "என்னது?"ன்னு கேக்காம, அடுத்த ரெண்டு வார்த்தை வரைக்கும் பொறுத்துக் கேளுங்க, பெரும்பாலும் அதுக்குள்ள வந்துரும். வரலன்னா தாராளமா கேளுங்க, அவங்க ஆறுதலா சொல்லித் தருவாங்க.

கேள்வி: "விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு"ன்னு குறள்ல வருது. வேளாண்மைன்னா விவசாயம்தானே, விருந்துக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்? – பதினொன்றாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: நல்லாக் கவனிச்சிருக்கே கண்ணு. சம்பந்தம் இல்லையேன்னு உனக்கு உறுத்துச்சு பாரு, அந்த உறுத்தல்தான் துப்பு. அது 81ஆவது குறள், விருந்தோம்பல் அதிகாரத்தோட முதல் குறள். அதிகாரத் தலைப்பு ஒரு பக்கம், "விருந்தோம்பி"ங்கிற பக்கத்து வார்த்தை ஒரு பக்கம், ரெண்டும் சேந்து இங்க வேளாண்மைன்னா பிறருக்கு உதவி செய்றதுன்னு காட்டிக்குடுக்குது. பழைய பாட்டைப் படிக்கிறப்போ இன்னைக்கு அர்த்தத்தை அங்க கொண்டு போய் வச்சு, பொருந்தலன்னா சட்டுன்னு நின்னுக்கணும். ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ"ன்னு சங்கைப் பாத்துக் கேக்குறாங்க, வகுப்புல இதைப் படிச்சா பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கும். கற்பூரமும் தாமரையும் பக்கத்துல நிக்குது, அதுங்க எப்படிக் கெட்ட வாசம் வீசும்? நாறுறதுன்னா அன்னைக்கு மணக்கிறது. சிரிக்கிற பிள்ளைங்ககிட்ட நான் இதைத்தான் கேப்பேன், கற்பூரத்தை மோந்து பாத்திருக்கீங்களான்னு.

போன இதழ் வாக்கியம்: அரை, அறை ரெண்டையும் வச்சு ஒரே வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருந்தீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது திருநெல்வேலி வாசகர் ஒருத்தர் அனுப்பினது: "அரைஞாண் கயிறு அவுந்து விழ, அரை நிஜாரைக் கையில பிடிச்சுக்கிட்டு அறைக்குள்ள ஓடி ஒளிஞ்ச பயலை, அம்மியில தேங்கா அரைச்சுக்கிட்டு இருந்த ஆச்சி எந்திரிச்சு வந்து ஒரு அறை அறைஞ்சா." இடுப்பு, பாதி, அறைக்குள்ள, அம்மி, அடின்னு அத்தனை அர்த்தமும் வந்துருச்சு, எதுவும் எதோடவும் குழம்பல, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துலயே கயிறு, நிஜார், ஒளிஞ்ச, தேங்கான்னு ஒரு துணையை உக்கார வச்சுட்டார்.

அடுத்த இதழுக்கு "படி". அளக்கிற படி, ஏறுற படி, பாடம் படிக்கிறது, சொன்னபடி, அழுக்கு படியுறது, இதுல குறைஞ்சது நாலு அர்த்தமாவது ஒரே வாக்கியத்துல வரணும். 15ஆம் தேதிக்குள்ள வந்து சேர்ற மாதிரி தபால்ல போடுங்க.